ஒரே பாஷை

"மூணு பாஷை காதுல விழுந்து புள்ளை குழம்பிப் போயிருக்கு. வீட்ல ஒண்ணே ஒண்ணு பேசுங்க" என்று தெரிந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அதிலிருந்து ஒரு வருஷமாகச் சங்கமித்ரா மகளிடம் தமிழ் மட்டுமே பேசிவந்தாள். ஒக்கலிபுரத்து ஒற்றை அறை வீட்டில் கன்னட சீரியல் நின்றுபோனது. குழந்தையை இங்கிலீஷில் கொஞ்சிய பக்கத்து வீட்டு ஜோசஃபினோடு பேச்சு நின்றுபோனது. விடாமல் பேசவும் சொல்லியிருந்தார்கள். இது சோறு, இது தட்டு, இது அம்மா கை. தொண்டை வறளும். இரண்டரை வயது ரக்ஷா ஒரு சொல்லும் திருப்பிச் சொன்னதில்லை.

இன்று ஆஸ்பத்திரியில் ரக்ஷாவைத் தூங்கவைத்து, தலையில் ஒயர்கள் ஒட்டிப் பார்த்தார்கள்.

"கிவி கேள்சல்லம்மா" என்றார் பரிசோதித்த பெண். பிறகு தமிழுக்கு மாறினார். "காது கேக்காதும்மா, ரெண்டு காதும். பொறந்ததுல இருந்தே இருக்கும்."

"பாஷைனால இல்லையா மேடம்?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. காதுல மிஷின் வெச்சுப் பழக்கணும். அப்புறம் நீங்க நிறைய பேசணும். இப்ப பேசறதைவிட நிறைய."

அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. போகும் வழியில் வாயை மூடிக்கொண்டு உட்காரலாம் என்ற நிம்மதிதான் முதலில் வந்தது. அது அவளுக்கே கூசியது.

பஸ்ஸில் மேம்பாலம் வந்தது, பூக்கடை வந்தது. எதன் பெயரையும் அவள் மகளிடம் சொல்லவில்லை.

பொம்மசந்திரா ஃபேக்டரியிலிருந்து கணவன் உமேஷ் போன் செய்தான். "என்னா சொன்னாங்க? பேசிடுவாளாமா?"

"காது கேக்கலயாம்."

"எனக்குக் கேக்கல மித்ரா. மிஷின் ஓடுது. சத்தமா சொல்லு."

"நம்ம புள்ளைக்குக் காது கேக்கலீங்க."

பஸ்ஸில் எல்லோரும் திரும்பினார்கள். மடியில் இருந்தவள் மட்டும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போனில் இயந்திரங்களின் இரைச்சல் குறைந்தது; உமேஷ் வெளியே வந்திருக்க வேண்டும்.

"காலைலகூட கூப்ட்டா திரும்பலன்னு முதுகுல ஒண்ணு வெச்சேனே" என்றான்.

அவனைத் தேற்ற வேண்டும் என்று தெரிந்தது. தேற்றுவதற்கு அவளிடம் எதுவும் மீதமில்லை. "வீட்டுக்கு வாங்க" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

சற்று நேரம் கழித்து ரக்ஷா திரும்பினாள். மூடியிருந்த அம்மாவின் வாயைப் பார்த்தாள். விரலால் கீழுதட்டைப் பிடித்து இழுத்தாள். மறுபடியும் இழுத்தாள்.

"இருடி, அம்மா கொஞ்ச நேரம் சும்மா இருக்கேன்."

உதடு அசைந்ததும் குழந்தை கையை எடுத்துக்கொண்டது.