கிளோறியாவின் லார்ச்

பொறாமைக்குக் கண் இல்லை என்று சொல்லுவார்கள். தங்கமலருடைய பொறாமைக்குக் கண்ணும் இருந்தது, கையில் கத்தரியும் இருந்தது. பிறகு கேட்கவா வேண்டும்.

டென்மார்க்கின் பிராண்டே ஊரில் போன்சாய் என்கிற சட்டிக் குட்டைமரம் வளர்க்கிறவர்களுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது. மாதம் ஒருமுறை பள்ளிக்கூடத்து மரவேலை அறையில் கூடுவார்கள். அத்தனை டேனிஷ்காரர்களுக்கு நடுவில் ஒரேயொரு தமிழ் மனுசியாகத் தங்கமலர் ஒன்பது வருடமாகக் கொடிகட்டிப் பறந்தவள். முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து வந்தால் சப்பாத்தைக் கழற்ற முன்னமே பின்வளவுக்குப் போய்த் தன் லார்ச் மரத்தைப் பார்ப்பாள். லார்ச் ஊசியிலை மரந்தான். ஆனால் இலையுதிர்காலத்தில் பொன்னாக மஞ்சளித்து அவ்வளவு ஊசியையும் கொட்டிவிட்டு, வசந்தத்தில் புதிதாகத் துளிர்க்கிற சாதி. நுனியைக் கிள்ளுவாளே தவிர, அதன் கிளை ஒன்றை அவள் ஒருநாளும் வெட்டியதில்லை. மரம் கலியாண வீட்டுப் பொம்பிளை மாதிரி ஏற்றிக் கட்டின அலங்காரத்தோடு நின்றது.

ஒவ்வொரு ஒக்டோபர் கடைசியிலும் நூலக மண்டபத்தில் சங்கத்தின் கண்காட்சி நடக்கும். வாசலுக்கு நேரே நடு மேசை. அதில் ஒரேயொரு மரம் இருக்கும், எது என்பதைத் தலைவர் பென்ட் சொல்லுவார். அந்த நடு மேசைதான் தங்கமலருக்கு வேண்டியிருந்தது. பென்ட் வருடா வருடம் அவளுடைய மரத்தைப் பார்த்து, "மிகவும் அழகு" என்பார். மரம் சுவரோர மேசைக்குப் போகும். இந்த யூலண்ட் பக்கத்தில் முப்பது வருடம் சீவித்தவளுக்கு அதன் அர்த்தம் விளங்காமலா போகும்? யூலண்ட்காரன் ஒன்றை நெஞ்சாரப் புகழ்ந்தால் "மோசமில்லை" என்பான். அழகு என்றால் அது உபசாரம்.

போகட்டும், அடுத்த வருடம் பார்ப்போம் என்றுதான் இருந்தாள். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டது அவளேதான். கணவன் பீற்றரின் தங்கை கிளோறியா கோழித் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டுச் சும்மா இருக்கிறாளே, தன்னுடைய மரத்தைப் பார்த்து வாயைப் பிளக்க வீட்டில் ஒரு ஆளாவது வேண்டுமே என்று அவளையும் சங்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

கிளோறியா இரண்டாம் கூட்டத்திலேயே ஒரு மரத்தோடு வந்தாள். யாரோ கமக்காரன் தன் வயலோரக் காற்றுத்தடுப்பு மர வரிசையைப் பிடுங்கியபோது, கேட்டு வாங்கிக் கிண்டி எடுத்த லார்ச். மேற்குக் காற்றில் வளர்ந்து வளர்ந்து நெட்டையாக, ஒல்லியாக, இரண்டு இடத்தில் கோணிக்கொண்டு நின்றது. தங்கமலருக்குச் சிரிப்பு வந்தது. பென்டுக்கு வரவில்லை. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மரத்தைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார்.

"இது லிட்டராட்டி" என்றார். பழைய சீனத்துப் படித்த மனிதர்கள் மையால் கீறிய படங்களில் இப்படித்தான் மரம் இருக்குமாம். தண்டுதான் எல்லாம், உச்சியில் மட்டும் இரண்டொரு கிளை. "வேர் பிடிக்கட்டும். ஒரு வருடம் தொடாதே. பிறகு வெட்டு."

ஒன்பது வருடத்தில் தன்னுடைய மரத்தைச் சுற்றி அந்த மனுசன் ஒரு தரமாவது நடந்திருக்கிறாரா என்று தங்கமலர் யோசித்தாள். வயிறு பற்றி எரிந்தது. அந்த எரிவு ஒரு வருடம் அணையவில்லை.

அடுத்த மார்ச்சில், மொட்டு விரிய முன்னம், கிளோறியா மரத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு நேரே தங்கமலரின் கராஜுக்கு வந்து இறங்கினாள்.

"அண்ணி, எனக்குக் கை ஓடேல்லை. எதை விடுறது, எதை வெட்டுறதெண்டும் தெரியேல்லை. நீங்களே ஒருக்கா வெட்டித் தாங்கோ."

"யோசிச்சுச் சொல்லும். வெட்டினாப் பிறகு ஒட்டேலாது."

"நீங்கள் வெட்டினால் எனக்கு ஏன் யோசனை?"

தங்கமலர் கத்தரியை எடுத்தாள். முதலில் கீழ்க்கிளைகளை வெட்டினாள். அதை யாரென்றாலும் வெட்டத்தான் வேண்டும். நடுவில் இருந்தவற்றை வெட்டியபோது கிளோறியா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள். அதற்கு மேலே ஒரு தடித்த கிளை இருந்தது, மொட்டு நெருங்கியது, மரத்திலேயே நல்ல கிளை. அதை விடவேண்டும் என்று தங்கமலருக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அதிலே கத்தரியை வைத்தாள்.

"அதுவுமோ அண்ணி?"

"லிட்டராட்டி எண்டால் அப்பிடித்தான்."

கிளை நிலத்தில் விழுந்தது. தங்கமலருக்கு இனித்தது. பச்சையாகச் சொன்னால், அப்படியொரு இனிப்பை அவள் கனகாலம் அனுபவிக்கவில்லை. உச்சியில் ஒரு சின்னக் கொத்தையும் ஒரு நீண்ட மெல்லிய கிளையையும் மட்டும் விட்டாள். அந்தக் கிளைக்கும் கம்பி சுற்றி, கோபத்தோடு கீழே மடக்கினாள். அது கிறீச்சென்றது. முறிந்தால் முறியட்டும் என்று இன்னும் கொஞ்சம் மடக்கினாள். பாழாய்ப்போன மரம் முறியவில்லை.

கிளோறியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்கள் செய்தால் சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி, மொட்டையான மரத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். கதவடியில் நின்ற பீற்றர், நிலத்தில் கிடந்த கிளைகளைப் பார்த்தார். விளக்குமாறை எடுத்துக் கூட்டி அள்ளினார்.

அந்தக் கோடை முழுக்கத் தங்கமலர் அந்த மரத்தைப் பற்றிக் கேட்கவில்லை. செத்திருக்கும் என்று நினைத்தாள். சில நாள் செத்திருக்கக்கூடாது என்றும் நினைத்தாள், ஆனால் அது குறைவு.

ஒக்டோபரில் கண்காட்சிக்குத் தன் மரத்தைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குள் நுழைந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். நடு மேசையில், சின்ன வட்டச் சட்டியில், கிளோறியாவின் லார்ச் நின்றது. கோணல் தண்டு மேலே மேலே போய், உச்சியில் கைப்பிடியளவு பொன் ஊசிகள். அவள் கோபத்தில் மடக்கிய கிளை தண்டின் அரைவாசி வரைக்கும் தனியாக இறங்கி வந்திருந்தது. வேறு ஒன்றும் இல்லை. ஒன்றைச் சேர்க்கவும் ஏலாது, ஒன்றை எடுக்கவும் ஏலாது. அழகு என்று அவள் மனமே சொல்லிவிட்டது. அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட நொந்தது.

பென்ட் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதன் முன் நின்றார்.

"மோசமில்லை" என்றார்.

கிளோறியா துள்ளிக்கொண்டு ஓடிவந்து தங்கமலரின் கையைப் பிடித்து இழுத்தாள். "நான் எல்லாருக்கும் சொல்லிப்போட்டன் அண்ணி. பேர் அட்டையிலயும் உங்கட பேரைத்தான் முதல் போடச் சொன்னனான்."

உண்மைதான். அட்டையில் வடிவமைத்தவர் தங்கமலர், வளர்ப்பவர் கிளோறியா என்று இருந்தது. பத்து வருடம் ஆசைப்பட்ட மேசையில் ஆசைப்பட்ட பெயர். அவளுக்கு அதைப் பிய்த்தெறிய வேண்டும் போல இருந்தது.

பென்ட் அவள் கையிலிருந்த மரத்தைப் பார்த்தார், பிறகு நடு மேசையைப் பார்த்தார். "அந்த நல்ல தடித்த கிளையை எடுக்க எனக்கே துணிவு வந்திராது. இவ்வளவு தெரிந்த நீ, உன்னுடைய மரத்தை ஏன் இப்படி விட்டு வைத்திருக்கிறாய்?"

அவர் குத்திக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டார். தங்கமலர் தன் மரத்தைச் சுவரோர மேசையில் வைத்துவிட்டு வந்தாள்.

கண்காட்சி முடிந்து வீட்டுக்கு வந்ததும் மரத்தைப் பின்வளவுப் பலகையில் வைத்து, கத்தரியோடு எதிரே நின்றாள். கீழ்க்கிளையில் கத்தரியை வைத்தாள். பத்து வருடத்துக் கிளை. வெட்ட மனமில்லாமல் கத்தரியை எடுத்தாள். அடுத்ததில் வைத்தாள். அது இரண்டாம் வருடம் பனியில் கருகப்பார்த்து, கராஜுக்குள் வைத்துக் காப்பாற்றினது. அதையும் விட்டாள். எதைப் பார்த்தாலும் பாசம் குறுக்கே வந்து நின்றது. இருட்டிக்கொண்டு வந்தது.

குசினி யன்னல் திறந்திருந்தது. உள்ளே பீற்றர் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"கிளோறியாவின்ர மரம் எண்டு நினைச்சு வெட்டும்" என்றார்.

தங்கமலருக்குக் காதுவரை சூடேறியது. மார்ச்சிலேயே எல்லாம் தெரிந்துகொண்டுதான் அந்த மனுசன் கூட்டி அள்ளியிருக்கிறார். திரும்பிப் பார்க்க முகமில்லாமல் மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு கிளோறியாவை நினைத்தாள். கத்தரி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது.