பாண்டியன் வண்டியின் எஃப்.சி.

கச்சிராயபாளையம் தாண்டியதும் சாலையோரம் நின்ற போலீஸ்காரர் கையை நீட்டி வண்டியை நிறுத்தினார். சந்தைக்குப் போகிற வண்டி. பின்னால் பதினோரு மூட்டை, சாமையும் புளியும். பாண்டியன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தான். பக்கத்தில் அவன் மனைவி தைலம்மாள், ஆபரேஷன் செய்த காலை நீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

போலீஸ்காரர் வண்டி நம்பரை செல்லில் தட்டி, தகுதிச் சான்றின் தேதியைப் பார்த்தார்.

"எஃப்.சி. முடிஞ்சு எண்பத்தஞ்சு நாள் ஆவுது. தெரியுமா?"

தைலம்மாள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் எதிரே இருந்த புளியமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரிந்திருக்கிறது என்று அவளுக்குப் புரிய அதுவே போதும்.

கேஸ் எழுதிக் கொடுத்த போலீஸ்காரர், மூட்டைகளை அங்கேயே இறக்கிவிடச் சொன்னார். "காலி வண்டியா வூட்டுக்குப் போ. டெஸ்டுக்குத் தேதி வாங்கு, அன்னிக்கு நேரா அங்க போ. அதுவரைக்கும் இதுல ஒரு மூட்டை ஏறக்கூடாது."

பக்கத்தில் இருந்த தெரிந்தவர் மாவு மில்லில் மூட்டைகளைப் போட்டுவிட்டு இருவரும் திரும்பினார்கள். வீடு மலைமேல்; வண்டி ஏறத் தொடங்கியதும் தைலம்மாள் ஆரம்பித்தாள். அப்புறம் நிறுத்தவே இல்லை.

"வருஷா வருஷம் எடுக்குறதுதான? தெரிஞ்சும் வுட்டுட்டியே மாமா? வண்டி எங்கியாவது கவுந்திருந்தா இன்சூரன்ஸ்காரன் சும்மா வுடுவானா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா வாயி வலிச்சுடுமா?"

"தப்புதான்" என்றான் பாண்டியன். அவள் திட்டி முடிக்கட்டும் என்று வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துக்கொண்டு போனான்.

மறுநாளே தைலம்மாள் காரியத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். பத்தாவது வரை படித்தவள். வெள்ளிமலையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தவரிடம் டெஸ்டுக்குத் தேதி போடச் சொல்லி, என்னென்ன பார்ப்பார்கள் என்று ஒரு தாளில் எழுதி வாங்கி வந்தாள். அன்று சாயங்காலம் முதல் வாசலில் தினமும் டெஸ்ட் நடந்தது. அவள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தாளைப் பார்த்துக் கேட்பாள்.

"லெஃப்ட் இன்டிகேட்டர்."

"எரியுது."

"எரியுதுனு நீ சொல்லாத. நான் பாத்து சொல்லணும். ரைட்டு போடு. வைப்பர்?"

"மழையே இல்லியே தைலா."

"ஆபீசருகிட்ட இப்டித்தான் பேசுவியா?"

இரண்டாம் நாள் பாண்டியன் எரிச்சலில் ஹெட்லைட்டை அவள் முகத்திலேயே அடித்தான். நாலாம் நாள், அவள் கேட்கும் முன்பே ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டிவிட்டு, "ஆபீசரம்மா, டீ குடிக்கிறீங்களா?" என்றான். அவள் தாளால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள்.

பிரேக் ஷூ மாற்றி, பின்பக்கம் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, கதவில் நசுங்கிய இடத்தைத் தட்டிப் பெயின்ட் அடித்து, குறித்த நாளில் காலி வண்டியோடு கள்ளக்குறிச்சிக்கு இறங்கினார்கள். மைதானத்தில் லாரிகளும் பள்ளிக்கூட வேன்களும் வரிசையில் நின்றன. இவர்கள் முறை வர உச்சிவேளை ஆகிவிட்டது.

இன்ஸ்பெக்டர் ஒரு பெண். செந்தமிழ்ச்செல்வி என்று சட்டையில் பெயர் இருந்தது. சேசிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்துத் தாளில் அச்செடுக்கச் சொன்னார். வண்டியை ஓட்டவிட்டு பிரேக் போடச் சொன்னார். லைட், ஹாரன், வைப்பர், எல்லாம் சரி. பிறகு வண்டியின் பின்னால் போனவர் அங்கேயே நின்றுவிட்டார்.

"இது என்ன?"

பின்கதவுக்குக் கீழே ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டு இரும்புப் படி ஒன்று பற்றவைத்திருந்தது.

"மூட்டை ஏத்துறதுக்குங்க" என்றான் பாண்டியன்.

"மூட்டை தானா படியேறிப் போகுமா? ஆள் ஏத்துறீங்களா?"

பாண்டியன் தலையைச் சொறிந்தான். தைலம்மாள் மெல்லக் கீழே இறங்கி, காலைச் சாய்த்துச் சாய்த்து வைத்து நடந்து வந்தாள்.

"ஆள் ஏத்தலீங்க. எனக்குத்தான் வெச்சாரு. கால் ஒடிஞ்சு பிளேட் வெச்சிருக்குது. சந்தையில பின்னாடி ஏறி மூட்டை அவுக்குறது நான்தான். எக்கி ஏற முடியலைனு போன மாசந்தான் வெச்சாரு."

இன்ஸ்பெக்டர் அவள் காலைப் பார்த்தார், படியைப் பார்த்தார். குரல் தணிந்தது, பேச்சு மாறவில்லை. "இருட்டுல பின்னாடி பைக்ல வர்றவர் இதுல மோதினா என்னம்மா ஆவார்? இப்படி நீட்டி வெக்கக் கூடாது. அறுத்துட்டு வாங்க. நாலு மணி வரைக்கும் இருப்பேன். வேணும்னா கையில தூக்குற மாதிரி ஒரு ஏணி செஞ்சு, வண்டிக்குள்ள போட்டு எடுத்துட்டுப் போங்க."

பக்கத்துத் தெருவில் வெல்டிங் பட்டறை இருந்தது. பட்டறைக்காரர் அறுக்கும் மிஷினைப் படியில் வைத்ததும் பாண்டியன் முகத்தைத் திருப்பிக்கொண்டு ரோட்டைப் பார்த்தான்.

"யாரு வெச்ச வெல்டிங் இது? அறுக்க மாட்டேங்குதே" என்றார் பட்டறைக்காரர்.

"நான்தான் பக்கத்துல நின்னு நாலு எடத்துல வெக்கச் சொன்னேன்" என்றான் பாண்டியன். "அவ கால வெச்சு ஆடிடக் கூடாதுனு."

தைலம்மாள் அவன் தோளைத் தட்டினாள். "ஏணிதான் செய்யலாம்னு சொல்லிட்டாங்களே. அதுக்கு எதுக்கு மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு இருக்கிற?"

மூன்றரைக்கு மறுபடி மைதானத்துக்கு வந்தார்கள். இன்ஸ்பெக்டர் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்துத் தலையசைத்தார். கம்ப்யூட்டரில் பதியும்போது ஒரு கணம் நிறுத்தினார்.

"எஃப்.சி. முடியறதுக்கு மூணு நாள் முன்னாடியே டெஸ்டுக்குத் தேதி வாங்கியிருக்கீங்களே. ஜூன் பதினேழு. அன்னிக்கு ஏன் வரலை?"

"வர முடியலீங்க" என்றான் பாண்டியன்.

அவர் மேலே பதியத் தொடங்கினார். ஆனால் தைலம்மாளுக்கு அந்தத் தேதி தெரியும். டிஸ்சார்ஜ் சீட்டில் அவளே பலமுறை படித்தது. அவள் காலுக்கு பிளேட் வைத்த நாள்.

சான்று கிடைத்து வண்டி ஊரைத் தாண்டும் வரை அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். இரண்டு பக்கமும் கரும்பு. பிறகு கேட்டாள்.

"அன்னிக்கு வந்துட்டுப் போயிருக்கலாமே மாமா. ஆஸ்பத்திரியிலேர்ந்து மைதானம் இன்னா தூரம்? ஆபரேஷன் ரூமுக்குள்ள எப்படியும் உன்னைய வுடமாட்டாங்க."

"உள்ள வுடமாட்டாங்கதான்." அவன் கியரை மாற்றினான். "கதவு தொறந்து உன்னைய வெளிய தள்ளிக்கினு வந்தா, வாசல்ல யாராவது நிக்கணும் இல்ல?"

"அப்புறமாவது சொல்லியிருக்கலாம்."

"சொன்னா, என்னாலதான் எஃப்.சி. போச்சுனு படுத்துக்கினே அழுவ. நீ நடக்கட்டும், அப்புறம் எடுத்துக்கலாம்னு இருந்தேன். நாள் ஓடிப்போச்சு."

மலைப்பாதையில் அவ்வளவு நேரம் தான் திட்டியதும், அவன் 'தப்புதான்' என்ற ஒரே சொல்லோடு கேட்டுக்கொண்டிருந்ததும் தைலம்மாளுக்கு நினைவுக்கு வந்தது. மன்னிப்புக் கேட்க அவளுக்கு வரவில்லை. கியர் மேல் இருந்த அவன் கையின் மேல் தன் கையை வைத்தாள்.

"கையை எடு தைலா, வளைவு வருது" என்றான்.

"வரட்டும்" என்றாள் அவள். அப்புறம்தான் எடுத்தாள்.

மாவு மில் வந்ததும் பாண்டியன் வண்டியை ஓரம் கட்டினான். மூட்டைகள் சுவரோரம் அப்படியே இருந்தன. இன்றே ஏற்றிவிடலாமா, விடிந்ததும் வந்து ஏற்றலாமா என்று இருவரும் கொஞ்ச நேரம் யோசித்தார்கள். இன்றே ஏற்றுவது என்று முடிவானது. அவன் தூக்கித் தூக்கிப் போட, அவள் கீழே நின்று எண்ணிக்கொண்டிருந்தாள்.