தொண்டை கட்டிய பிள்ளையின் விடை

மூன்றாம் பீரியடில் கல்வி அதிகாரி வகுப்பைப் பார்க்க வருகிறார். மண்ணச்சநல்லூர் பள்ளிக்கூடத்தின் கணக்கு டீச்சர் பானுமதி, எட்டாம் வகுப்புக்கு ‘நேரமும் வேலையும்’ பாடத்தைப் புது ஆப்பில் தயார் செய்துகொண்டிருந்தாள். பக்கத்தில் கம்ப்யூட்டர் டீச்சர் லின்சி.

“கணக்கைச் சொல்லுங்கக்கா, படத்தை அதுவே போட்டுக்கும்.”

“பத்துப் பேர் நாலு லாரி நெல் மூட்டையை மூணு மணி நேரத்துல இறக்குனா, அஞ்சு பேர் எத்தனை மணி நேரத்துல இறக்குவாங்க?”

திரையில் மஞ்சள் தொப்பி போட்ட ஐந்து பேர் சிரித்துக்கொண்டே மூட்டை சுமந்தார்கள். விடை ஆறு என்று வந்தது. ஒருவன் முகத்திலும் வியர்வை இல்லை. பானுமதியின் அப்பா ராமர் இதே ஊர் மில்லில் முப்பது வருடம் மூட்டை தூக்கியவர். கழுத்துக்குப் பின்னால் தோல் செருப்பின் அடிப்பாகம் மாதிரி தடித்துப் போயிருக்கும். அவர் வேலைவிட்டுச் சிரித்துக்கொண்டு வந்து அவள் பார்த்ததில்லை.

“இந்தக் கணக்கை நான் முன்னாடியே குடுத்திருக்கேன் லின்சி. கொரோனா வருசத்துல.”

போனில் அந்த வாட்ஸப் குரூப் இன்னும் கிடந்தது. அப்போதெல்லாம் வீட்டுக்கு ஒரு போன். அதுவும் அப்பன் சட்டைப்பையில் மில்லுக்குப் போய்விடும். ஏழு மணிக்கு அப்பன்மார் வீடு திரும்பிய பிறகுதான் பானுமதி ஸ்ரீரங்கத்தில் தன் வீட்டு மொட்டை மாடியில் நின்று பாடத்தைப் பேசி அனுப்புவாள். அடுத்த அரை மணியில் பதில்கள் வந்து விழும். குக்கர் விசில், ஆட்டுக்குட்டி, “ஏய் கத்தாத, டீச்சருக்கு ரெக்கார்டு ஆவுது” என்று ஓர் அம்மா. அத்தனை வீட்டுக்குள்ளும் ஒரே நேரத்தில் அவள் உட்கார்ந்திருந்த மாதிரி இருந்த காலம் அது. அதன் பிறகு எந்த வகுப்பும் அவளுக்கு அப்படி வாய்க்கவில்லை.

அன்று அவளிடம் படித்த ஒரு பெண்ணின் அப்பா, மில்லில் மூட்டை தூக்கும் லோடுமேன் அழகிரியின் குரலைத் தேடி எடுத்தாள்.

“டீச்சர், பாப்பாவுக்குத் தொண்டை கட்டியிருக்கு, அதான் நான் சொல்றேன். எட்டு மணி நேரம் ஆவும்னு சொல்லுது. தூக்கிவிட ரெண்டு பேரு லாரி மேல நின்னா, பத்துல எட்டுப் பேரு சுமப்பாங்க, அஞ்சுல சுமக்க மூணு பேருதானாம். மூணு மணி நேரத்துக்கு மேல கழுத்து கேக்காதாம்.”

லின்சி விழுந்து விழுந்து சிரித்தாள். “பாப்பா சொல்லுச்சாக்கும்!”

“பாப்பா லால்குடியில அத்தை வீட்டுல இருந்துச்சு. மூணு மாசம் தொண்டை கட்டுன ஒரே புள்ள அதுதான். நாலாவதோட நின்ன மனுசன், தெனம் கணக்குப் போட்டு அனுப்புனாரு. நான் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கல.”

“இந்தக் குரலையே பாடத்துல சேர்த்துடலாம்க்கா. அதிகாரி அசந்துடுவாரு.”

பானுமதிக்கும் ஆசை வந்துவிட்டது. ஆனால் கேட்காமல் எப்படிப் போடுவது? அழகிரியைக் கூப்பிட்டாள். பின்னால் மில் இரைந்தது.

“அது பாப்பா சொன்னதுங்க டீச்சர். இப்ப காலேஜ் சேந்துருச்சு.”

“பாப்பா லால்குடியில இருந்தது எனக்கு அப்பவே தெரியும் அழகிரி.”

மில் இரைச்சல் குறைந்தது. அழகிரி ஓரமாக நகர்ந்திருக்க வேண்டும்.

“அப்பவேவா? அடப் பாவமே. வாயத் தொறக்கலையே நீங்க.” சிரித்தார். பிறகு குரல் இறங்கியது. “அந்தக் கணக்குக்கு நீங்க சரி தப்பு சொல்லவே இல்லைங்க. மறுநாளு ஸ்கூலு தொறந்துட்டாங்க. சரின்னா போடுங்க. தப்புன்னா வேணாம், புள்ளைங்க சிரிக்கும்.”

ஐந்து வருடமாக ஒருவர் மார்க்குக்குக் காத்திருந்திருக்கிறார். பானுமதிக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

“புத்தகத்துல ஆறுன்னு இருக்கு.”

“அப்பத் தப்பு.”

“புத்தகம் எழுதுனவரு மூட்டை தூக்குனதில்ல. எங்கப்பா இருந்தா எட்டுன்னுதான் சொல்லியிருப்பாரு.”

“யாரு, ராமர் அண்ணனா? அவரு ஒம்பதும்பாரு, வெத்தலை போடவே ஒரு மணி நேரம்.” மறுபடி சிரிப்பு. “நீங்க ஆறுன்னே நடத்துங்க டீச்சர். அதிகாரிகிட்ட உங்களுக்கு எதுக்கு வம்பு? எனக்கு நீங்க சொன்னது போதும். லாரி நிக்குது, வச்சிடறேன்.”

மூன்றாம் பீரியடில் ஆறு என்றே நடத்தினாள். விடை வந்ததும் ஸ்மார்ட் பலகையிலிருந்து கைதட்டல் கேட்டது. அதிகாரி ‘மிக நன்று’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். மணியடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. பானுமதி பலகையை அணைத்தாள்.

“இதே கணக்கை ராத்திரி சாப்பிடறப்ப உங்க அப்பா, அம்மாகிட்ட கேளுங்க. அவங்க என்ன சொன்னாலும் அப்படியே எழுதிட்டு வாங்க. ஏன்னும் கேட்டு எழுதணும்.”

“எங்கப்பா லோடுமேன் இல்ல டீச்சர், பெயின்டரு.”

“பெயின்டருக்குக் கை வலிக்காதா? கேட்டுட்டு வாடா.”