பிரேமலதா வீட்டில் ஏழு பீங்கான்

கொடுக்கிற விஷயத்தில் நான் கொஞ்சம் பொல்லாதவள். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். எங்கள் வீட்டில் எது சமைத்தாலும் அதில் ஒரு பங்கு வேலி தாண்டிப் போகாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. என் கணவர் இப்திகார் இதை ஒரு வியாதி என்பார். அவருக்கு றக்வான டவுனில் சாமான் கடை. எதையும் நிறுத்துக் கொடுத்தே பழகிய மனிதர். இத்தனை வருஷம் கூடவே இருந்தும் எனக்கு அந்தப் பழக்கம் வரவில்லை.

எங்கள் வீடு டவுனிலிருந்து மேலே ஏறும் பாதையின் மூன்றாவது வளைவில் இருக்கிறது. பின்பக்கம் மழைத்தண்ணீர் ஓடும் ஒரு கல் கான். கானுக்கு அந்தப் பக்கம், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் முதல் லயம். லயத்தின் கடைசி வீடும் எங்கள் குசினியும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும். பகல் இரண்டு மணிக்கு மேல் மூடுபனி இறங்கிவிட்டால் கான், வேலி, லயம் எல்லாம் கரைந்து போகும். அந்த நேரத்தில் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் எனக்கு, எந்த ஊரில் இருக்கிறேன், எந்த வருஷத்தில் இருக்கிறேன் என்பதே மறந்து போகும். மெஷின் சத்தம் மட்டும் கேட்கும். அதுவும் வேறு யாரோ ஓட்டுவது போலத்தான் கேட்கும்.

நான் துண்டுத்துணி தைக்கிறவள். டவுனில் தையற்கடை வைத்திருக்கும் முஹ்ஸின் நானா, வெட்டி மிஞ்சுகிற துணிகளை உரப்பையில் கட்டி அனுப்புவார். லயத்துப் பெண்கள் கிழிந்த சேலை, பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை, நைந்த பாவாடை என்று கொண்டுவந்து தருவார்கள். அவற்றை வெட்டி ஒட்டுப்போட்டு, போர்வை, கால்மிதி, தலையணை உறை என்று தைப்பேன். பாதி விற்கும். பாதி, துணி தந்தவர்கள் வீட்டுக்கே திரும்பிப் போகும். சில மத்தியானங்களில் துண்டுகளைத் தரையில் பரப்பிவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டே இருப்பேன். கொழுந்தெடுக்கும் வெள்ளையம்மாவின் ஊதாச் சேலைக்குப் பக்கத்தில், முஹ்ஸின் நானாவின் மகள் கல்யாணத்துப் பச்சைப் பட்டு வந்து படுக்கும். நேரில் ஒரு வார்த்தை பேசியிராத இரண்டு பேர் அங்கே தோள் உரசிக்கொண்டு கிடப்பார்கள். பிரிக்க மனம் வராது. அப்படியே சேர்த்துத் தைத்துவிடுவேன்.

போன மார்ச்சில்தான் பிரேமலதா அந்தக் கடைசி வீட்டுக்கு வந்தாள். புதுக் கல்யாணம். புருஷன் கிருஷ்ணராஜுக்குக் கொழும்பில் கட்டட வேலை. மாதம் ஒரு தடவை வந்தால் பெரிது. அவள் காலையில் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போவாள், பின்னேரம் வந்து வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கையகல மண்ணைக் கொத்திக்கொண்டிருப்பாள். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, கானுக்கு அந்தப் பக்கம் நின்று என்னைக் கூப்பிட்டாள்.

“அக்கா, உங்க வீட்டுலேருந்து மழை பேயிற மாதிரி ஒரு சத்தம் வருதே, அது என்னங்க?”

“அது மெஷின் புள்ள. நான் தைக்கிறன்.”

“நான் மழைன்னு நெனச்சு ரெண்டு தடவ காயப்போட்ட துணிய அள்ளிட்டேங்க.”

என் மகள் யும்னா கல்யாணம் முடித்து மாவனல்லைக்குப் போன பிறகு, நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். அந்த நிமிஷமே அவளை எனக்குப் பிடித்துப் போனது. பிடித்துப் போனால் என் கை சும்மா இருக்குமா? அன்று பின்னேரமே வட்டிலப்பம் அவித்து, நீலக்கரை போட்ட நல்ல பீங்கான் தட்டில் வைத்து, நானே தைத்த துண்டுத்துணியால் மூடிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பக்கத்து வீட்டிலிருந்து வந்த பீங்கானை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. பெரிதாக ஒன்றும் வைக்க வேண்டாம். ஒரு பிடி சீனி, நாலு பச்சை மிளகாய், ஒரு கட்டுக் கீரை போதும். தமிழர், சிங்களவர், நாங்கள் எல்லோருக்கும் இதில் ஒரே சட்டம்தான். பீங்கான்கள் இப்படிக் கானைத் தாண்டிப் போவதும் வருவதுமாக இருந்தால்தான் எனக்கு ஊர் ஊராகத் தெரியும்.

பிரேமலதாவுக்குக் கொடுத்த பீங்கான் வரவில்லை.

ஒரு வாரம் பார்த்தேன். வட்டிலப்பம் பிடிக்கவில்லையோ என்று நினைத்து, அடுத்த வாரம் பலாக்கொட்டைக் கறி கொடுத்தேன். மாட்டிறைச்சி பட்ட சட்டி எதையும் அண்டவிடாமல், இதற்கென்றே தனிச் சட்டி வைத்துச் சமைத்தது. அதுவும் வரவில்லை. ஒருவேளை கொடுத்தது போதவில்லையோ என்று பட்டது. இடியப்பமும் சொதியும் போயின. நோன்புப் பெருநாளைக்கு ஒரு பெரிய தட்டம் நிறையப் பலகாரம் போனது. இப்படியே ஏழு பாத்திரம் கானைத் தாண்டின. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு மிளகாய்க்காம்புகூட வரவில்லை.

அதைக்கூட நான் பொறுத்திருப்பேன். பிரேமலதா என்னைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். வேலை முடிந்து கான் ஓரமாக வந்துகொண்டிருந்தவள், மேலே பாறையைச் சுற்றி வழுக்கல் பாதையால் வர ஆரம்பித்தாள். நான் குசினி ஜன்னலைத் திறந்தால் அவள் பின்கதவு சாத்திக்கொள்ளும். எனக்குக் கோபம் தலைக்கேறியது. என்ன திமிர் இந்தப் பெண்ணுக்கு என்று நாள் முழுக்க முணுமுணுத்துக்கொண்டே தைத்தேன். அந்த வாரம் தைத்த கால்மிதிகளில் ஒன்றுகூட நேராக வரவில்லை.

இப்திகாரிடம் சொன்னேன். அவர் பிளேன்டீயை ஆற்றிக்கொண்டே, “நீ குடுக்கிறதக் கொஞ்சம் நிப்பாட்டு. மனுஷன்ட வயித்துக்கும் ஒரு அளவு ஈக்கி” என்றார். கோபத்தில் அன்றைக்கு அவருக்கு இரண்டாவது கோப்பை ஊற்றவில்லை.

வியாழக்கிழமை வெள்ளையம்மா, தைக்கக் கொடுத்திருந்த போர்வையை வாங்க வந்தாள். லயத்தில் நடப்பது அத்தனையும் அவளுக்கு அத்துப்படி. போர்வையை விரித்து ஊதாத் துண்டைத் தடவிப் பார்த்தபடியே சொன்னாள்.

“கடைசி வீட்டுப் புள்ள ஞாயித்துக்கெழம மேல் டிவிஷனுக்கு மாறிப் போகுது நோனா. கணக்கப்புள்ளகிட்ட கெஞ்சிக் கேட்டு வாங்கியிருக்கு. அங்க வீட்டுக்கு முன்னால வெறும் கல்லு. ஒரு கீரை போட மண்ணு கெடையாது.”

“பொறகு ஏன் போறா?”

வெள்ளையம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அனே, நெசமாவே தெரியாதா? ஒங்களாலதான்.”

நான் ஊசியைக் கீழே வைத்தேன். அவள் சொல்லச் சொல்ல எனக்குக் காது கொதித்தது. கொழும்பில் வேலை விட்டு விட்டுத்தான் நடக்கிறதாம். பிரேமலதா வீட்டில் ஒரு வேளைதான் அடுப்பு எரிகிறதாம். முதல் பீங்கானில் ஒரு பிடி சீனி வைத்துத் தரலாம் என்றுதான் இருந்தாளாம். வட்டிலப்பத்துக்குப் பதிலாகச் சீனியா என்று கூச்சம். நல்லதாக ஏதாவது செய்து தரலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது பீங்கான் வந்து நின்றதாம். அப்புறம் மூன்றாவது.

“ஏழையும் கழுவித் தொடச்சு, ஒங்க துணியால மூடி, சாமி படத்துக்குக் கீழ வச்சிருக்கு. ஒங்க ஜன்னல் தொறக்குற சத்தம் கேட்டாலே அந்தப் புள்ளைக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குதாம்” என்றாள் வெள்ளையம்மா.

அவள் போன பிறகும் நான் இருந்த இடத்தை விட்டு எழும்பவில்லை. அன்பைக் கொடுக்கிறேன் என்று நினைத்து, ஒரு சின்னப் பெண்ணை அவள் வீட்டை விட்டே துரத்தியிருக்கிறேன். பசியோடு இருந்த பிள்ளைக்குச் சோறும் கொடுத்து, அதைச் சாப்பிடுகிற நிம்மதியையும் பறித்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அதைவிட, ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அந்த ஜன்னலுக்கு எதிரே யாரும் இருக்கமாட்டார்கள் என்பது தாங்க முடியாமல் இருந்தது.

“போய் பீங்கானக் கேட்டு எடுத்துக்கிட்டு வா. முடிஞ்சிது” என்றார் இரவில் விஷயத்தைக் கேட்ட இப்திகார்.

“கேட்டா அந்தப் புள்ள வெக்கத்திலயே செத்துப் போவா.”

வெள்ளிக்கிழமை பகல் முழுவதும் மூடுபனி. மெஷின் முன்னால் உட்கார்ந்தபடியே கண் அயர்ந்துவிட்டேன். பாதித் தூக்கத்தில் தரையில் கிடந்த துண்டுகள் மெல்ல அசைந்தன. ஊதா எழுந்து நடந்தது. பச்சை அதன் பின்னால் போனது. எல்லாத் துணிகளும் வரிசையாகக் கானைத் தாண்டி அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. என் சொந்தச் சேலைத் துண்டு ஒன்றாவது அதில் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. கண் விழித்த பிறகும் தேடிக்கொண்டிருந்தேன். ஊரில் எல்லோருடைய துணியும் என் தரையில் கிடக்கிறது. எனக்கென்று ஒரு பொருளை நான் யாரிடமும் போய்க் கேட்டதே கிடையாது. கேட்க எனக்குத் தெரியவும் தெரியாது.

கேட்கத் தெரியாதவள் எடுத்துக்கொள்ளலாம் அல்லவா? பிரேமலதா வீட்டுப் பின்சுவர் ஓரம் கறிவேப்பிலை மரம் ஒன்று உண்டு. அதன் அடியில் கன்றுகள் கூட்டமாக முளைத்திருக்கும். கறிவேப்பிலைக் கன்றைக் கேட்டு வாங்கி நட்டால் பிடிக்காது, களவாடி நட்டால்தான் பிடிக்கும் என்பது இந்த மலையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். வீட்டுக்காரர் கண்டுவிட்டால்கூடக் காணாதது மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். திருப்பாவிட்டால் கன்று பட்டுப்போகும். முக்கியமான விஷயம் இன்னொன்று: களவாடின கன்றுக்கு ஒருவரும் எதையும் பதிலுக்குக் கொடுப்பதில்லை. கொடுக்கவும் கூடாது. நான் அவளிடம் பட்ட கடன் அப்படியே நின்றுவிடும்; கடன்காரி அவள் மட்டும் இல்லை என்றாகிவிடும்.

சனிக்கிழமை காலை, பெண்கள் மலைக்குப் போயிருப்பார்கள் என்று கணக்குப் போட்டு, சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு கானைத் தாண்டினேன். பனி முழங்கால் வரைக்கும் நின்றது. என் காலே எனக்குத் தெரியவில்லை. லயம் ஒரு கனவுக்குள் இருப்பது போல் மங்கலாக மிதந்தது. எங்கோ ஒரு சேவல் கூவிவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டது. நான் ஈர மண்ணில் முழங்காலிட்டு ஒரு கன்றைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்த வேகத்தில் பின்னால் சாய்ந்து சேற்றில் உட்கார்ந்துவிட்டேன்.

பின்கதவு திறந்தது. பிரேமலதா நின்றாள். சாமான் கட்டுவதற்காக அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை போலிருக்கிறது. கையில் கயிறு இருந்தது. சாமான் கடை முதலாளியின் மனைவி, நாற்பத்தொன்பது வயசுக்காரி, சேலையெல்லாம் சேறாக, மடியில் ஒரு கறிவேப்பிலைக் கன்றோடு அவள் வீட்டுப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் என்றிருந்தது.

அவள் ஒரு நொடி பார்த்தாள். பிறகு சட்டென்று முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

“இங்க யாரும் இல்ல” என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். “நான் ஒண்ணையும் பாக்கல.”

நான் சேற்றை விட்டு எழும்பவில்லை. அவளும் உள்ளே போகவில்லை. சுவரிடமே மறுபடி பேசினாள்.

“அந்தக் கன்னு வேரு அறுந்திருக்கும். எடதுபக்கம் கல்லுகிட்ட ஒண்ணு இருக்கு, அது நல்லது. களவெடுக்கிறவங்க பாத்து எடுத்தா என்ன.”

நான் தவழ்ந்து போய் அந்தக் கன்றையும் பிடுங்கினேன். அவள் குரல் உடைந்துகொண்டே வந்தது.

“எங்கிட்ட களவெடுக்க ஒண்ணு இருக்குன்னு எனக்கே தெரியாம போச்சு. நான் வெறுங்கையோட எப்பிடி அக்கா மூஞ்சில முழிப்பேன்னு… ஏழு பீங்கான். ராத்திரி படுத்தா அதுங்க என்னையே பாக்குற மாதிரி இருக்கும்.”

அவள் முதுகு குலுங்கியது. எழுந்து போய்ப் பிடித்துக்கொள்ளலாம் என்று இருந்தது. அப்படிச் செய்தால் அவள் என்னைக் கண்டதாக ஆகிவிடும். அதனால் நானும் அந்த முதுகோடுதான் பேசினேன்.

“இந்தக் கன்டுக்கு நான் ஒன்டும் தரமாட்டன் புள்ள. ஒரு சீனிக்கட்டிகூடத் தரமாட்டன்.”

“தராதீங்க” என்றாள் சுவரைப் பார்த்து.

இரண்டு கன்றுகளையும் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு பனிக்குள் நடந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, பதிலுக்கு என்ன கொடுக்கலாம் என்று யோசிக்காமல் ஒரு வீட்டிலிருந்து வெளியே வந்தேன். கிணற்றடியில் கன்றுகளை நட்டுவிட்டுப் பகல் முழுவதும் தைத்தேன். கானுக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. பின்னேரம் ஒன்றும் சமைக்கவில்லை. கொடுத்துவிடுவேனோ என்று என் மேலேயே எனக்குப் பயமாக இருந்தது. இப்திகார் கடையிலிருந்து கொண்டுவந்த பாணும் சம்பலும் தின்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜன்னலைத் திறக்கத் துணிச்சல் வரவில்லை. மேல் டிவிஷனுக்குச் சாமான் ஏற்றிப் போக டிராக்டர் வரும் என்று வெள்ளையம்மா சொல்லியிருந்தாள். அந்தச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு அடுப்படியில் நின்றேன். சோறு வெந்து, பருப்புக் கொதித்து, எல்லாம் ஆகி முடிந்தது. டிராக்டர் வரவில்லை.

குசினிக் கதவை யாரோ தட்டினார்கள். பிரேமலதா. தலை வாரவில்லை; கண் வீங்கியிருந்தது. கான் ஓரமாகத்தான் வந்திருக்கிறாள், கால் நனைந்திருந்தது. கையில் ஒரே ஒரு பீங்கான், மூடுதுணிகூட இல்லாமல். நான் அதற்குள் எட்டிப் பார்த்தேன். ஒரு பிடி சீனி இல்லை, ஒரு இலை இல்லை. பளிச்சென்று கழுவிய வெறும் பீங்கான்.

“பசிக்குதுங்க அக்கா” என்றாள். “இதுல கொஞ்சம் சோறு போட்டுத் தாங்க.”