மாவுத்தொட்டியில் ஒளித்தது

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கே மோரீன் வீட்டுப் புல்தரையில் பதினாறு பேர் நின்றிருந்தார்கள். வாசற்படியில் ஒரு காலி காப்பி டின், அதற்குள் எண் எழுதிய சீட்டுகள். முதலில் வந்தவர் ஒன்றாம் எண்ணை எடுப்பார், அடுத்தவர் இரண்டாம் எண்ணை. கதவு திறந்ததும் அந்த வரிசைப்படிதான் உள்ளே போக வேண்டும். செத்தவர் வீட்டுச் சாமான் விற்பனைக்கு இந்தியானா மாநிலம் முழுக்க இதுதான் சட்டம். ஆர்டித்துக்கு நான்காம் எண். கூடப்பிறந்த தங்கை மோரீனின் வீட்டுக்குள் நுழையத் தனக்கு நான்காம் எண்ணா என்று நினைக்க நினைக்க அவளுக்கு வயிறு எரிந்தது.

மூன்றாம் எண் ராய்ஸிடம் இருந்தது. அந்த எரிச்சல் தனி. ஊர்ப் பழம்பொருள் சந்தையில் இருவருக்கும் எதிரெதிர்க் கடை. இருபது வருடமாக ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்துத்தான் கடை திறக்கிறார்கள்.

"என்ன ஆர்டித், உன் தங்கச்சி வீடாச்சே. உன்னைப் பின்வாசல் வழியா விட்டிருப்பாங்கன்னு நெனச்சேன்" என்றான் ராய்ஸ்.

"உன் மூக்குல ஒரு குத்து விடாம நிக்கிறேனே, அதுக்குச் சந்தோஷப்படு."

"சாவுக்காவது கூப்பிட்டாங்களா?"

ஆர்டித் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அடக்கம் முடிந்து நான்கு நாள் கழித்துத் தபாலில் ஓர் அட்டை வந்தது, அவ்வளவுதான்.

ராய்ஸ் இப்படிக் குத்துவதற்கு அவனுக்கும் காரணம் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன் அவன் அம்மா வீட்டுச் சாமானை அவன் அண்ணன்கள் இதேபோல் விற்பனைக்குப் போட்டார்கள். பெரிய சாமான்களில் கட்டியிருக்கும் சீட்டின் கீழ்ப்பாதியை யார் முதலில் கிழிக்கிறாரோ அவருக்குத்தான் அந்தச் சாமான். கூடத்துச் சுவர்க் கடிகாரத்தை நோக்கி ராய்ஸ் ஓடி வருவதற்குள் ஆர்டித் கிழித்துவிட்டாள். "அது எங்கம்மாவோடது ஆர்டித்" என்று அத்தனை பேர் முன்னால் அவன் கண் கலங்கிச் சொன்னான். "இங்க இருக்கிற எல்லாமே யாரோ ஒருத்தரோட அம்மாவோடதுதான்" என்று சொல்லிவிட்டு அவள் கடிகாரத்தை வண்டியில் ஏற்றினாள். சந்தையில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

எட்டு மணிக்குக் கதவு திறந்தது. விற்பனையை நடத்திக் கொடுக்கும் ஜோலீன் வாசலில் நின்று எண்களைக் கூப்பிட்டாள். ஆர்டித் உள்ளே நுழையும்போது வேண்டாம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டாள்.

"எம்பேர் ஒட்டி எதாச்சும் வெச்சிருந்தாளா?"

அந்தப் பக்கத்து வயதானவர்கள் எல்லோரும் செய்கிற காரியம் அது. நாற்காலிக்கு அடியில், கிண்ணத்துக்குப் பின்னால் ஒரு துண்டு டேப் ஒட்டி, தனக்குப் பிறகு அது யாருக்கு என்று எழுதி வைப்பார்கள். அப்படி ஒட்டியவற்றை விற்பனைக்கு முன்பே எடுத்து உரியவரிடம் கொடுத்துவிடுவார்கள்.

"அவங்க வீட்டுப் பையன் டேரல்தான் எல்லாத்தையும் பார்த்து வெச்சாரு அக்கா. ஒண்ணும் இல்லைன்னு சொன்னாரு" என்றாள் ஜோலீன்.

எதிர்பார்த்ததுதான். ஆனாலும் சுருக்கென்றது.

தேடி வந்த பொருள் சமையலறைச் சுவரில் சிவப்பு ரிப்பன் கட்டித் தொங்கியது. அம்மாவின் அச்சுக்கட்டை. பூரிக்கட்டை மாதிரிதான், ஆனால் உடம்பெல்லாம் செதுக்கிய படங்கள்: சேவல், பேரிக்காய், மணிக்கூண்டு, மீன். கிறிஸ்துமஸுக்கு முன் சோம்பு போட்ட பிஸ்கட் மாவின் மேல் அம்மா அதை ஒரு தடவை உருட்டினால் மேசை நிறையச் சேவலும் மீனும் எழுந்து வரும். அம்மாவை அடக்கம் செய்த அன்று மோரீன் அதைக் கோட்டுக்குள் வைத்து எடுத்துப் போய்விட்டாள். ஒரு முட்டையை ஒழுங்காக வேகவைக்கத் தெரியாத மோரீன்! அன்றைக்கு ஆர்டித் போனில் சொன்னாள்: "நீ செத்தாத்தான் அது எனக்கு வரும்னா, சீக்கிரம் செத்துப்போ." அதற்குப் பிறகு பதினொரு வருடம் இருவரும் பேசவில்லை.

கட்டையை எடுத்துக்கொண்டு பணம் வாங்கும் மேசைக்குப் போனாள். அங்கே மோரீனின் கணவருடைய முதல் தாரத்து மகன் டேரல் உட்கார்ந்திருந்தான்.

"டேரல், இது எங்கம்மாவோடது. உனக்கே தெரியும்."

"தொண்ணூத்தஞ்சு டாலர் மேடம். கைப்பிடியில ஒட்டியிருக்கு, பாருங்க."

"மேடமா? நான் உனக்குப் பெரியம்மாடா."

"பதினொரு வருஷத்துல ஒரு கிறிஸ்துமஸுக்குக்கூட வராத பெரியம்மா. அவங்க ஆறு மாசம் படுத்த படுக்கையா கெடந்தாங்க. உங்க போன்ல நானே ரெண்டு தடவை பேசிப் பதிவு பண்ணி வெச்சேன்."

அது உண்மை. இரண்டையும் பாதி கேட்டு அழித்துவிட்டிருந்தாள்.

"வேணும்னா வாங்குங்க, வேண்டாம்னா எடுத்த எடத்துல வைங்க" என்றான் டேரல்.

பையில் பணம் இருந்தது. ஆனால் இந்தப் பொடியனுக்கு, என் அம்மா பொருளுக்கு, முழு விலையா? செத்தாலும் கொடுக்க மாட்டேன் என்று ஆர்டித் கறுவினாள். விற்பனையின் கடைசி நாளான ஞாயிற்றுக்கிழமை எல்லாம் பாதி விலை. அதுவரை இது யார் கண்ணிலும் படக் கூடாது. அதற்கு வழி அவளுக்குத் தெரியும். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வது, யாரும் ஒப்புக்கொள்ளாதது.

சமையலறை மூலையில் ஹூசியர் என்கிற பழைய பாணிச் சமையலறை அலமாரி ஒன்று நின்றது. யாரோ மனசாட்சி இல்லாதவர் அதற்கு இளஞ்சிவப்புப் பெயிண்ட் பூசியிருந்தார். ஒரு கதவு தொங்கியது. விலையோ எண்ணூறு டாலர். அதை அந்த விலைக்கு வாங்குகிற மடையன் இனிமேல்தான் பிறக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, அதன் பக்கவாட்டில் பொருத்தியிருந்த தகர மாவுத்தொட்டிக்குள் அச்சுக்கட்டையை இறக்கி மூடியைச் சாத்தினாள். எந்தச் சாமானையும் நகத்தால் சுரண்டிப் பார்க்காமல் விடாத ஆர்டித், அன்று எதையும் சுரண்டிப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஐந்தரைக்கே வந்து முதல் சீட்டை எடுத்தாள். கதவு திறந்ததும் நேராகச் சமையலறைக்குப் போனாள். அலமாரி இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் அதில் கட்டியிருந்த சீட்டின் கீழ்ப்பாதி கிழிக்கப்பட்டிருந்தது. அவள் மாவுத்தொட்டியின் மூடியில் கை வைத்தாள்.

"அக்கா, கையை எடுங்க. அது நேத்து சாயங்காலமே வித்தாச்சு" என்று ஜோலீன் கத்தினாள்.

"எவன் வாங்கினான்?"

"எவனா? மரியாதையாக் கேளு" என்றபடி ராய்ஸ் பின்வாசல் வழியாகத் தள்ளுவண்டியோடு வந்தான். "பெயிண்டைச் சுரண்டிப் பார்த்தியா? அடியில சுத்தமான ஓக். அந்தக் கதவுக்கு ரெண்டே திருகாணி போதும். உன் கண்ணுக்கு இது தப்பாதே! கோவத்துல கண்ணு அவிஞ்சு போச்சா?"

"எடுத்துட்டுப் போ. எனக்கு உள்ள இருக்கிற ஒண்ணு மட்டும் வேணும்."

"உள்ள இருக்கிறதோட சேர்த்துன்னு ரசீதுல எழுதி வாங்கியிருக்கேன். உன்கூட இருபது வருஷம் குப்பை கொட்டியிருக்கேன் ஆர்டித். நீ எங்க ஒளிச்சு வெப்பேன்னு எனக்குத் தெரியாதா?"

மூடியைத் திறந்து அவன் அச்சுக்கட்டையை வெளியே எடுத்தான். மேசையிலிருந்த டேரல் எழுந்து வந்து பார்த்தான். வீட்டுக்குள் இருந்த கூட்டமும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது.

ராய்ஸ் பழக்கதோஷத்தில் கைப்பிடியைச் சுற்றியிருந்த விலைச்சீட்டைக் கட்டைவிரல் நகத்தால் உரித்தான். தன் கடையில் தன் விலையை ஒட்ட வேண்டுமே. சீட்டுக்கு அடியில் ஒரு துண்டு டேப் இருந்தது. அதில் நீல மையில் மோரீனின் கோணல்மாணலான கையெழுத்து. அவன் அதை வாய்விட்டே படித்துவிட்டான்.

"நான் செத்ததும், ஆர்டித்துக்கு."

ஆர்டித் கிட்டப் போய்த் தானும் ஒரு தடவை படித்தாள். தான் போனில் சொன்ன சொல்லை மோரீன் பதினொரு வருடம் வைத்திருந்து திருப்பிக் கொடுத்திருக்கிறாள், கட்டையோடு சேர்த்து.

"நீ பார்த்தேல்ல? பார்த்துட்டுத்தானே மேல ஒட்டினே?" என்றாள் டேரலிடம்.

"ஆமா, நான்தான் ஒட்டினேன். உங்க தங்கச்சி உங்களுக்குத் தொண்ணூத்தஞ்சு டாலர் பெறுவாங்களான்னு பார்க்கணும்னு தோணிச்சு. வாங்கிட்டுப் போயிருந்தா வீட்டுல உரிச்சுப் படிச்சிருப்பீங்க, நானும் பணத்தைத் திருப்பி அனுப்பியிருப்பேன்."

ஜோலீன் தலையில் கை வைத்துக்கொண்டாள். "முன்னாடியே கண்ணுல பட்டிருந்தா நானே எடுத்துக் கொடுத்திருப்பேன் அக்கா. இப்போ அது ராய்ஸ் சாமான்."

ராய்ஸ் கட்டையைக் கையில் உருட்டியபடி நின்றான். அவன் முகம் இளகியிருந்தது. கையும் கொஞ்சம் முன்னால் வந்தது. இன்னும் ஒரு நிமிடம் ஆர்டித் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் கொடுத்திருப்பான் என்றுதான் அங்கே இருந்தவர்கள் பிறகு சொன்னார்கள்.

"என்ன முழிக்கிறே? கொடுடா அதை, திருட்டு நாயே" என்றாள் ஆர்டித்.

நீண்ட கை பின்னால் போனது.

"ராய்ஸ், முழு விலை தரேன். ரெண்டு மடங்கு தரேன். எங்கம்மாவோடது ராய்ஸ்."

"இங்க இருக்கிற எல்லாமே யாரோ ஒருத்தரோட அம்மாவோடதுதான்" என்றான் அவன். அவன் சிரிக்கவில்லை. டேப்பின் ஓரத்தை நகத்தால் நெம்பி, கிழியாமல் பக்குவமாக உரித்து, அவள் கோட்டுக் கையில் ஒட்டினான். "இந்தா. உம்பேர் எழுதினது உனக்கு. கட்டை என்னோடது."

பிறகு அலமாரியைத் தள்ளுவண்டியில் சாய்த்தார்கள். கூட்டம் வழிவிட்டது. பாதி விலைக்கு வந்தவர்கள் மெல்ல மற்ற அறைகளுக்குக் கலைந்தார்கள்.

ஆர்டித் வண்டிக்குள் உட்கார்ந்து டேப்பைக் கோட்டிலிருந்து எடுத்தாள். ஸ்டியரிங்குக்கு மேலே ஒட்டிப் பார்த்தாள். பசையெல்லாம் கட்டையிலேயே போய்விட்டது போலும், நிற்கவில்லை. கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடி அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரலை எடுத்தால் விழுந்துவிடும் என்பதால் அவள் வண்டியைக் கிளப்பவில்லை.