சந்துப் பக்கம் வாசல்

ஆக்னஸுக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்கு சிவக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, ஹைதராபாத் நாச்சாரத்துக் காலி மனையில் நின்றபோது அது நன்றாகவே சிவந்திருந்தது.

கட்டப்போவது ஓர் உயர்நிலைப் பள்ளி. வகுப்புகள் முடிந்த பிறகு அக்கம்பக்கத்து ஜனங்களும் புழங்கட்டும் என்று ஒரு கூடம், ஒரு நூலகம், ஒரு பட்டறை என வரைந்திருந்தாள் ஆர்க்கிடெக்ட் ஆக்னஸ். டிரஸ்ட் செயலாளர் சக்ரபாணிக்கு அதில் துளி நம்பிக்கை கிடையாது. வெள்ளைக்காரன் காலத்திலேயே சிக்கந்தராபாத்தில் குடியேறிய குடும்பம் அவருடையது. தமிழுக்கு நடுவே ஊர்ப் பேச்சு தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

"பக்கத்து பஸ்தி ஜனங்க ஞாயித்துக்கிழமை வந்து பாத்து, வேணும்னு சொன்னா கூடம் இருக்கட்டும். வரலைன்னா நக்கோ, கூடம் வேண்டாம். அங்க கோச்சிங் கிளாஸ் போட்டுடலாம். கோச்சிங்குக்கு அமீர்பேட் போற கூட்டம் இங்க வரும்" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

ஆக்னஸ் பாளையங்கோட்டைக்காரி. சவால் என்று வந்துவிட்டால் அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். பள்ளிக்கூடத்தின் முழு வரைபடத்தையும் சுண்ணாம்புப் பொடியால் தரையில் நிஜ அளவிலேயே போடவைத்தாள். காகிதத்தைக் காட்டினால் யாருக்குப் புரியும்? நடந்தே பார்க்கட்டும். தெருத்தெருவாகப் போய் எல்லோரையும் அழைத்துவிட்டும் வந்தாள்.

ஜனங்கள் வந்தார்கள். அதுதான் வயிற்றெரிச்சல். கூட்டமாக வந்து, மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடை ஓரமாக நின்றுகொண்டார்கள். கேட் வரவேண்டிய இடத்தில் டிரஸ்டிகளின் கார்கள் வரிசையாக நின்றன. ஒரு ஆள்கூட ரோட்டைத் தாண்டவில்லை.

"பாத்தியாம்மா?" என்றார் கூடத்துக் கோட்டுக்குள் நின்ற சக்ரபாணி. "வேடிக்கை பாப்பாங்க. உள்ள வரமாட்டாங்க."

ஆக்னஸ் விறுவிறுவென்று ரோட்டைக் கடந்தாள். முன்னால் நின்ற மல்லம்மா அவளுக்குப் பழக்கம். ஊறுகாய் ஃபேக்டரியில் வேலை செய்பவள். ஏன் உள்ளே வரவில்லை என்று ஆக்னஸ் தன் ஓட்டைத் தெலுங்கில் கேட்டாள்.

மல்லம்மா கார்களைப் பார்த்தாள். பெரியவர்கள் வந்திருக்கிறார்களே, அவர்கள் பேசி முடிக்கட்டும், பிறகு வருகிறோம் என்றாள் மரியாதையாக.

"ஷிஃப்டுக்குப் போகும்போது தினமும் இந்த மனை வழியாகத்தானே போகிறீர்கள்?"

அது பின்னால், சந்துப் பக்கம் என்றாள் மல்லம்மா, ஏதோ வேறு ஊரைச் சொல்வதுபோல.

ஆக்னஸுக்குச் சுரீரென்றது. அந்தச் சந்துப் பக்கம் அவள் என்ன வரைந்திருந்தாள்? எட்டடி மதில். மதிலை ஒட்டிக் கழிப்பறைகள். ஜனங்களுக்கான பள்ளிக்கூடம் என்று வாய் கிழியப் பேசிவிட்டு, அவர்கள் வீடுகள் இருக்கும் பக்கம் முதுகைக் காட்டிக் கட்டப் பார்த்திருக்கிறாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டு நிற்க நேரமில்லை.

"வாங்கக்கா, அந்தப் பக்கமாகவே போவோம்" என்று கிளப்பினாள்.

கூட்டம் சுற்றிக்கொண்டு சந்துக்குள் புகுந்தது. அங்கே யாருக்கும் தயக்கமே இல்லை. மதிலுக்கான கோட்டை ஆக்னஸ் காலாலேயே தேய்த்து அழிக்க, மளமளவென்று உள்ளே வந்தார்கள். கூடத்துக் கோட்டருகே மல்லம்மா நின்று செருப்பைக் கழற்றினாள். பின்னால் வந்தவர்களும் கழற்றினார்கள். சுவரில்லை, கூரையில்லை, வெறும் சுண்ணாம்புக் கோடு. அதற்கு வெளியே செருப்புகள் குவிந்தன. உள்ளே போனதும் ஒருத்தி, தையல் மிஷின் போட இடம் இருக்குமா என்று விசாரித்தாள். இன்னொருத்தி, கல்யாணப் பந்திக்கு இது போதாது என்று குறை சொன்னாள். ஆக்னஸுக்கு அந்தக் குறையைக் கேட்கக் கேட்க சந்தோஷமாக இருந்தது.

சக்ரபாணி குனிந்து தன் ஷூவைப் பார்த்தார். சத்தமில்லாமல் கோட்டுக்கு வெளியே போய் நின்றார்.

"ஹவ், ஆமா, வந்துட்டாங்க. கூடம் இருக்கட்டும். இந்தப் பக்கம் சின்னதா ஒரு பின்கேட் வெச்சுடு."

கேட்டது கிடைத்துவிட்டது. நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டியிருக்கலாம்.

"பின்கேட் வேண்டாம் ஸார். பள்ளிக்கூடத்துக்கு வாசலே இதுதான். இது ஒண்ணுதான்."

"பைத்தியமா? சந்துல கார் நுழையாதே! பேரண்ட்ஸ் எப்படி வருவாங்க?"

"மெயின் ரோட்ல இறங்கி நடந்து வரட்டும்."

"டிரஸ்ட்ல ஒத்துக்கலைன்னா?"

"வேற ஆளைப் பாத்துக்கிடுங்க ஸார். பின்கேட் வெச்சு நான் வரைய மாட்டேன்."

சக்ரபாணி அவளை முறைத்தார். கூடத்தில் உட்கார்ந்து பேசத் தொடங்கிவிட்ட பெண்களைப் பார்த்தார். அதற்குள் அவருடைய டிரைவர் போனில் கூப்பிட்டான், காரைச் சந்து முனைக்குக் கொண்டுவரவா என்று.

"கைக்கு? எதுக்கு இப்போ? அங்கயே நில்லு" என்றார். பிறகு ஆக்னஸ் பக்கம் திரும்பினார். "மெயின் ரோட்லேந்து இந்த வாசலுக்கு எவ்ளோ தூரம்னு நான் முதல்ல நடந்து பாக்கறேன். நாளைக்கு மீட்டிங்ல கேப்பாங்கல்ல, நான்தானே பதில் சொல்லணும்."