கனமாக இருக்க வந்தவர்கள்

மாரித்தாய் இருபத்திரண்டு வருடம் தேயிலைக் கொழுந்து கிள்ளியவள். அப்படிப்பட்டவள் நாற்பத்து மூன்றாவது வயதில் ஒரு படகின் ஸ்டியரிங்கைப் பிடித்தாள் என்றால், அதற்குக் காரணம் மலை இடிந்ததுதான்.

போன வருடத்து மழையில் எஸ்டேட்டின் மேட்டு டிவிஷனுக்குப் போகும் சாலை மூன்று இடத்தில் சரிந்து அணைத் தண்ணீருக்குள் போய்விட்டது. ஆள் சேதம் இல்லை, வழிதான் போனது. ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், மாதா கோவில் எல்லாமே அக்கரையில். காட்டைச் சுற்றி நடந்தால் பதினொரு கிலோமீட்டர், அதிலும் யானை நிற்கும் வழி. மனுக் கொடுத்துக் கொடுத்துக் கால் தேய்ந்த பிறகு பஞ்சாயத்து ஒரு படகு கொடுத்தது. சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு எங்கேயோ ஓடிய பழைய பான்டூன் படகு. அடியில் இரண்டு நீளமான அலுமினிய உருளை, அதன்மேல் முற்றம் போல ஒரு தட்டைத் தளம், கூரை, பெஞ்சுகள், பின்னால் தொங்கும் மோட்டார். இருபது பேர் உட்காரலாம். குடும்பஸ்ரீ மகளிர் குழுப் பெண்களில் ஒருத்தியே ஓட்டட்டும் என்று பஞ்சாயத்து மெம்பர் சொன்னபோது எல்லாரும் மாரித்தாயைத் திரும்பிப் பார்த்தார்கள். டிவிஷனில் ஸ்கூட்டர் ஓட்டத் தெரிந்த பெண் அவள் ஒருத்திதான்.

கற்றுக்கொடுக்க வந்தவள் ஜோமோள். இருபத்தெட்டு வயது. சித்திரபுரத்தில் மின்சார வாரியக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள், ஏழு வருடமாகச் சுற்றுலாப் படகு ஓட்டுகிறவள். தன்னைவிடப் பதினைந்து வயது மூத்தவளுக்குப் பாடம் எடுக்கிறோமே என்ற கூச்சம் அவளுக்கு முதல் நாள் இருந்தது, மறுநாள் போய்விட்டது. கரையிலிருந்து எடுப்பது, கரையில் அணைப்பது, கயிறு கட்டுவது எல்லாம் மாரித்தாய்க்குச் சீக்கிரமே பிடிபட்டன. பிடிபடாதது ஒன்றே ஒன்று, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் லீவரின் பக்கவாட்டில் கட்டைவிரலுக்கு எட்டும்படி இருந்த சின்னப் பொத்தான். அதற்கு டிரிம் என்று பெயர். தண்ணீருக்குள் மோட்டார் எந்தச் சாய்வில் நிற்க வேண்டும் என்பதை அது முடிவு செய்யும். மோட்டாரைக் கீழே இறக்கினால் படகின் முன்பக்கம் தாழும், மேலே தூக்கினால் நிமிரும்.

மூன்றாம் நாள் மாரித்தாய் பொத்தானை மேல்பக்கமாக அழுத்தி, விரலை எடுக்க மறந்துவிட்டாள். மோட்டார் உயர்ந்து உயர்ந்து, தண்ணீரைத் தள்ளும் விசிறி மேல்மட்டத்துக்கு வந்து காற்றைக் குடித்து அலறியது. அந்த அலறல் மலையில் மோதித் திரும்பியது. படகோ ஓரடி நகரவில்லை. அவள் லீவரை விட்டுவிட்டுப் பின்வாங்கினாள்.

"பயமா இருந்தா முழுசாக் கீழ எறக்கி வச்சிருங்கக்கா. இந்த வேகத்துக்கு அது போதும்" என்றாள் ஜோமோள்.

மாரித்தாய் அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அதன்பின் அந்தப் பொத்தானை அவள் தொடவே இல்லை. பயிற்சி முழுக்கப் படகில் அவர்கள் இரண்டு பேர்தான். கனம் இல்லாத படகு அந்தத் தப்பைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆபீசர் வந்து ஓட்டச் சொல்லிப் பார்த்து லைசென்ஸும் எழுதிக் கொடுத்தார்.

ஐந்து வாரம் நன்றாகத்தான் ஓடியது. ஆறாவது வாரம் வியாழக்கிழமை, ரேஷன் வாங்கித் திரும்பும் கூட்டம். பதினெட்டுப் பேர். இறங்க வசதியாக இருக்கட்டும் என்று மூட்டைகளையெல்லாம் முன்பக்கத்தில் அடுக்கி, ஆட்களும் அங்கேயே நெருக்கி உட்கார்ந்தார்கள். பாதி தூரம் வந்தபோது கணவாய்ப் பக்கமிருந்து காற்று இறங்கியது. தண்ணீர் வரிவரியாக எழும்பியது. சீக்கிரம் கரை சேர்ந்துவிடலாம் என்று மாரித்தாய் லீவரை முழுக்கத் தள்ளினாள். மோட்டார் எப்போதும்போல முழுக்கக் கீழே இறங்கியிருந்தது. முன்னால் அவ்வளவு கனம். வேகம் ஏற ஏறப் படகு முட்ட வரும் கிடாயைப் போலத் தலையைத் தாழ்த்தியது. முதல் அலை தளத்தில் ஏறியதும் அவள் பதறி லீவரைப் பட்டென்று பின்னுக்கு இழுத்தாள். அதுதான் பெரிய தப்பு. பின்னால் துரத்தி வந்த அலை படகின் பின்பக்கத்தைத் தூக்கிவிட, முன்பக்கம் இன்னும் ஆழமாகக் குத்தியது. கணுக்கால் அளவுத் தண்ணீர் தளத்தைக் கழுவிக்கொண்டு மோட்டார்வரை வந்தது. கிரெச்சில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் செபமாலையம்மாள் பெஞ்சிலிருந்து விழுந்து முட்டி சிராய்த்துக்கொண்டாள்.

படகு நிமிர்ந்தது, தண்ணீர் வடிந்தது. எல்லாரும் லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தார்கள். ஊர்ந்து ஊர்ந்து கரை சேர்ந்தார்கள். அரிசி மூட்டையிலிருந்து தண்ணீர் சொட்ட அவரவர் லயத்து வீட்டுக்கு ஏறிப் போனார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் மாரித்தாய்க்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலமே ஜோமோளுக்குப் போன் செய்து, இனி நான் ஓட்டவில்லை, வேறு ஆள் பாருங்கள் என்றாள். ஜோமோள் நடந்ததை முழுக்கக் கேட்டாள். மோட்டார் எப்படி இருந்தது, மூட்டை எங்கே இருந்தது என்று விசாரித்தாள். பிறகு சொன்னாள்:

"அக்கா, அது ஒங்க தப்பு இல்ல. எறக்கி வச்சாப் போதும்னு சொன்னது நான். வெறும் படகுல ஓட்டக் கத்துக்கொடுத்து ஆளை ஏத்த விட்டதும் நான்தான். ஞாயித்துக்கெழம காலையில அக்கரையில நிப்பேன், வந்து கூட்டிட்டுப் போங்க."

வெள்ளியும் சனியும் படகு கட்டியே கிடந்தது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் வீட்டிலிருந்தன. காய்ச்சலுக்கு மருந்து வாங்கப் போன பொங்கியண்ணன் காட்டைச் சுற்றி நடந்து வந்தார். மாரித்தாய் யார் முகத்திலும் விழிக்காமல் வீட்டுக்குள்ளேயே இருந்தாள். ஞாயிறு விடியவும், ஜோமோள் வரச் சொன்னதற்காக மட்டும் படகை அவிழ்த்து, தனியாக, மெதுவாக அக்கரைக்குப் போனாள்.

ஜோமோள் ஏறியதும் முதலில் கேட்டது மணல் மூட்டையைப் பற்றி. கனம் ஏற்றிப் பழகினால்தான் டிரிம் விளங்கும், இருபது மூட்டை மணல் நிரப்பி வைக்கும்படி மெம்பரிடம் சொல்லியிருக்கிறேன் என்றாள். ஆனால் இக்கரை வந்து பார்த்தால் மூட்டை எதுவும் இல்லை. லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு பதினாறு பெண்கள் வரிசையாக நின்றார்கள். முன்னால், முட்டியில் கட்டோடு, செபமாலையம்மாள். பூசைக்குப் போகிறவள் உடுத்தும் வெள்ளைச் சேலையில் இருந்தாள்; அன்று பூசைக்குப் போகவில்லை.

மாரித்தாய் கயிற்றைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டாள்.

"மணல் அள்ள ஆள் இல்லன்னுட்டாரு மெம்பரு" என்றாள் செபமாலையம்மாள். "அதான் கனமா இருக்க நாங்க வந்தோம். எங்க உக்காரணும்னு சொல்லு."

"ஒங்களுக்குப் பயமா இல்லையாக்கா?"

"பயந்தான். அதுக்காக நீ ஓட்டப் படிக்காம இருந்தா நாங்க காட்டுவழியா நடக்கணுமே. அது இதைவிடப் பயம்."

மாரித்தாய் ஒவ்வொருத்தியாகக் கை கொடுத்து ஏற்றினாள்.

ஜோமோள் முதலில் எல்லாரையும் முன்னால் உட்கார வைத்தாள். கரையோரமாக, மெதுவான வேகத்தில் ஓட்டி, முன்பக்கம் எப்படித் தாழ்கிறது என்று மாரித்தாயைப் பார்க்கச் சொன்னாள். பிறகு பாதிப் பேரைப் பின்னால் நகர்த்தினாள். பிறகு இடது பக்கம், வலது பக்கம். பெண்கள் முனகாமல் எழுந்து எழுந்து உட்கார்ந்தார்கள். அவர்களில் பருத்த உடம்புக்காரி செல்வலட்சுமி. அவளை மட்டும் ஜோமோள் மூன்று தரம் இடம் மாற்றிவிட்டு மன்னிப்புக் கேட்டபோது, "கேளு தாயி, என் கனத்துக்கு இன்னைக்குத்தான் ஒரு மரியாத கெடச்சிருக்கு" என்றாள். படகே குலுங்கச் சிரித்தார்கள். மாரித்தாயும் சிரித்தாள், மூன்று நாளில் முதல் தடவையாக.

மதியம் காற்று இறங்கும்வரை காத்திருந்தார்கள். பிறகுதான் உண்மையான பாடம். புறப்படும்போது மோட்டார் கீழே இருக்கட்டும், வேகம் எடுத்ததும் பொத்தானை ஒரு தட்டு, சற்று விட்டு இன்னொரு தட்டு என்றாள் ஜோமோள். மாரித்தாய் மூச்சைப் பிடித்துக்கொண்டு தட்டினாள். முன்பக்கம் கொஞ்சம் நிமிர்ந்தது. இன்னொரு தட்டு. கையை இழுத்துக்கொண்டிருந்த ஸ்டியரிங் இளகியது, மோட்டாரின் முக்கல் நின்று குரல் திறந்தது. இன்னொரு தட்டுக்கு, விசிறி காற்றைத் தேடும் அந்தக் கூச்சல் தொடங்கியது. முன்பு அவளைப் பின்வாங்க வைத்த அதே கூச்சல். இந்தத் தரம் அவள் பதறாமல் கீழ்ப்பக்கமாக ஒரு தட்டுத் தட்டினாள். கூச்சல் அடங்கியது. அலை படகின் அடியில் புகுந்து போனது, தளத்தில் ஏறவில்லை.

"எங்க நிறுத்தணும்னு காதுதான் சொல்லும். வேகத்தைக் கொறைக்கையில மட்டும் பைய, பையக் கொறைங்க" என்றாள் ஜோமோள்.

அப்படியே பதினாலு தரம் போய் வந்தார்கள். பெண்களுக்கு வெயிலில் முகம் கறுத்தது, உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு பிடித்தது. போதும் என்று ஒருத்தியும் சொல்லவில்லை. மாரித்தாய்தான் கடைசியில் போதும் என்றாள்.

திங்கட்கிழமை படகு ஓடியது. அன்றிலிருந்து மூட்டையை எங்கே வைப்பது, யார் எந்தப் பெஞ்சு என்பதை மாரித்தாய்தான் சொல்வாள். மறுபேச்சு இல்லாமல் கேட்பார்கள்.

ஆனி மாதத்தில் ஒரு நாள், அந்த வியாழக்கிழமைக் காற்றைவிடப் பெரிய காற்று வந்தது. அவள் நடுத்தண்ணீரில் இருந்தாள். நான்கு பேரைப் பின்னால் நகரச் சொன்னாள், வேகத்தைப் பாதியாக்கினாள், பொத்தானை இரண்டு தட்டுத் தட்டினாள். செபமாலையம்மாள் பக்கத்திலிருந்தவளிடம் மருமகன் வீட்டுக் கல்யாணக் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தாள். காற்று வந்ததையும் போனதையும் அவள் கவனித்த மாதிரியே தெரியவில்லை. அதைப் பார்த்தபோது மாரித்தாய்க்குக் கண் கலங்கிவிட்டது.

எல்லாரும் இறங்கிப் போனபின் ஜோமோளுக்குப் போன் செய்தாள். பெரிய காற்று, ஆனால் தளம் நனையவில்லை என்றாள். ஜோமோள் படகில் எத்தனை பேர் என்று கேட்டாள்.

"பத்தொம்பது" என்றாள் மாரித்தாய். "அதுல ஒருத்தருக்கும் காத்தடிச்சதே தெரியாது தாயி. ஒனக்குச் சொல்லணும்னு தோணுச்சு, அதான்."